பழைய கடன், பழைய கஞ்சா: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸில் எது உதைக்கும்?

#1 பொடோமாக்_கரை
வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் டிஃபென்ஸ் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரை கம்பெனி வேலைக்கு எடுத்து, 'சீக்ரெட்' கிளியரன்ஸுக்கு (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்கு) ஸ்பான்சர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் கார்டில் மொத்தம் 14,200 டாலர் பாக்கி. ஒன்று சார்ஜ் ஆஃப் ஆகி (வங்கி வராக்கடன் என்று எழுதிவைத்து) வசூல் கம்பெனி கைக்குப் போய்விட்டது. கல்லூரி நாளில் தொடங்கிய கஞ்சா கம்மி (கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய்) பழக்கமும் உண்டு. கடைசியாகச் சாப்பிட்டது எட்டு மாதம் முன்பு, மாநில உரிமம் பெற்ற கடையில் வாங்கியது. இரண்டில் எது வேலைக்கு உலை வைக்கும்? படிவத்தைத் தொடுவதற்கு முன் என்ன செய்யலாம்?

#2 சந்தேகசிவம்
கடன் பத்தாயிரம் தாண்டினாலே ஆள் காலி என்கிறார்கள். கஞ்சாவை எழுதவே வேண்டாம். மாநிலத்தில் அனுமதி இருக்கும்போது அது எப்படிக் குற்றமாகும்? சும்மா இருக்கிற சங்கை எதற்கு ஊதிக் கெடுக்க வேண்டும்?

#3 படிவம்86
சிவம் சார் சொன்ன இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தும்கூட.

கிளியரன்ஸ் முடிவுகளுக்கு அடிப்படை எஸ்.இ.ஏ.டி.-4 என்ற ஆணை. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏ முதல் எம் வரை 13 நெறிகள். கடன், வரி, சூதாட்டம் எல்லாம் 'எஃப்'. போதைப்பொருள் 'ஹெச்'. பொய், மறைப்பு 'ஈ'. எஃப் நெறியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும் 'இத்தனை டாலருக்கு மேல் தகுதியில்லை' என்று ஒரு வரி கிடைக்காது. 3,000 டாலர் பாக்கியை ஐந்து வருடம் கண்டுகொள்ளாமல் விட்டவர் மாட்டுவதும், 60,000 டாலர் கடனை மாதாமாதம் அடைத்து வருகிறவர் தேறுவதும் நடக்கிற விஷயம்தான். முடிவெடுப்பவர் கடனின் அளவைவிட, கடன் வந்தபோது ஆள் என்ன செய்தார் என்பதையே நோண்டுவார்.

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை. 1988 ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சந்தேகம் மிச்சமிருந்தால் அது நாட்டின் பக்கம்தான் சாயும், மனுதாரர் பக்கம் சாயாது. 'எனக்கு எதிராக எதை நிரூபித்தார்கள்?' என்ற கோபத்தோடு உள்ளே போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்.எஃப்-86 படிவத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. 23-ஆவது பிரிவு போதைப்பொருள், 26-ஆவது பிரிவு பணம். இரண்டும் முக்கியமாகக் கேட்பது கடந்த ஏழு வருடத்தை. 26-இல் 'இப்போது 120 நாளுக்கு மேல் தவணை தவறியிருக்கிறதா' என்ற கேள்வியும், 'ஏழு வருடத்தில் எப்போதாவது தவறியதா' என்ற கேள்வியும் தனித்தனி. அடைத்து முடித்த சார்ஜ் ஆஃப் கணக்கையும் எழுதத்தான் வேண்டும். 'அதுதான் கட்டியாச்சே' என்று 'இல்லை' போடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

#4 நோவா_வாசகி
கஞ்சாப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

23-ஆவது பிரிவின் தலைப்பிலேயே, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படியே பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வர்ஜீனியாவில் 2021 முதல், மேரிலாந்தில் 2023 ஜூலை முதல் பெரியவர்கள் வைத்திருக்கலாம் என்பது இந்தப் படிவத்துக்குப் பொருட்டே இல்லை. மாநிலம் கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டைக்கும் இதே கதிதான்.

அதே பிரிவில் பலர் கவனிக்காத வாசகம் ஒன்று உண்டு: இங்கே உண்மையாகச் சொல்லும் பதிலை உங்கள் மேல் குற்ற வழக்கில் சாட்சியாகப் பயன்படுத்த மாட்டார்கள். படிவத்தில் பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது கூட்டாட்சிச் சட்டத்தின் 18-ஆவது தலைப்பு, 1001-ஆவது பிரிவுக்குள் வந்துவிடும். ஐந்து வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. எட்டு மாதம் முன்பு சாப்பிட்ட கம்மியைச் சரிசெய்ய வழி இருக்கிறது. படிவத்தில் சொன்ன பொய்க்கு அப்படி எளிய வழி இல்லை.

2021 டிசம்பரில் தேசியப் புலனாய்வு இயக்குநர் எல்லா ஏஜென்சிகளுக்கும் ஒரு விளக்கம் அனுப்பினார். பழைய கஞ்சாப் பயன்பாடு கணக்கில் வரும், ஆனால் அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது. எவ்வளவு அடிக்கடி, இனிமேல் தொடராது என்று காட்ட முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தொடவே கூடாது என்பதும் அதில் இருக்கிறது. கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பு சாப்பிட்டதையும் ஒரு வாரம் பின்பு சாப்பிட்டதையும் எடைபோடுகிறவர் ஒன்றாகப் பார்க்க மாட்டார். கிளியரன்ஸ் கையில் இருக்கும்போது சாப்பிட்டது எல்லாவற்றையும்விட மோசம். அதற்கு ஏழு வருட வரம்பும் கிடையாது. 'எப்போதாவது' என்றுதான் படிவம் கேட்கிறது.

#5 சந்தேகசிவம்
ஒரு வருடம் தள்ளிப் போட்டால் போதும் என்று எஃப்.பி.ஐ. தளத்திலேயே இருக்கிறதே? அப்படியானால் நாலு மாதம் காத்திருந்து மனுப் போட வேண்டியதுதானே?

#6 நோவா_வாசகி
அது எஃப்.பி.ஐ. வேலைக்கு ஆள் எடுக்கும் விதி. கஞ்சாவுக்கு ஒரு வருடம், மற்ற போதைப்பொருளுக்குப் பத்து வருடம். கிளியரன்ஸ் நெறி வேறு. ஹெச் நெறியில் மாதக் கணக்கே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டது, இனி எழுத வேண்டாம்' என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஏழு வருடத்துக்குள் நடந்தது எல்லாம் எழுத வேண்டியதுதான்.

தாண்டவே முடியாத கோடு ஒன்று உண்டு. பாண்ட் திருத்தம் என்பார்கள், 2008-இல் வந்த சட்டம். 'தற்போது சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர்' என்று முடிவானால் எந்த ஏஜென்சியும் கிளியரன்ஸ் கொடுக்கக் கூடாது. அதில் சலுகைக்கு இடமே இல்லை. கஞ்சாவைக் கூட்டாட்சிப் போதைப்பொருள் பட்டியலில் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வந்ததும் பலர் துள்ளினார்கள். பாண்ட் திருத்தம் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்றுதான் சொல்கிறது, எந்த அட்டவணை என்று பிரிக்கவில்லை. மூன்றாம் அட்டவணை மருந்தையும் முறையான சீட்டு இல்லாமல் எடுத்தால் தப்புதான்.

இதோடு சேர்ந்தது: பரீட்சைக்கு முன் நண்பனிடம் வாங்கிப் போட்ட ஆடரால் (கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்து) மாத்திரை. 'அது மருந்துதானே' என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் சீட்டு மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு 23-இல் தனிக் கேள்வியே இருக்கிறது. நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது கஞ்சாவைவிட இதில்தான் என்பது என் எண்ணம்.

#7 பொடோமாக்_கரை
சரி, கஞ்சாவை எழுதுவது என்று முடிவு. எப்படி எழுதுவது?

#8 நோவா_வாசகி
படிவம் கேட்பது: என்ன பொருள், முதல் முறை எந்த மாதம் எந்த வருடம், கடைசி முறை எப்போது, எத்தனை முறை, எந்தச் சூழலில், இனிமேல் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, ஏன். தேதி துல்லியமாகத் தெரியாவிட்டால் 'உத்தேசம்' என்ற கட்டத்தில் டிக் போடலாம்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 'சில முறை' என்று எழுதிவிட்டு, நேர்காணலில் இன்வெஸ்டிகேட்டர் துருவும்போது 'வாரம் ஒருமுறை, இரண்டு வருடம்' என்று வந்தால் அது நூறு முறை. ஹெச்-இல் தொடங்கிய விஷயம் ஈ-க்குத் தாவிவிடும். அறைத்தோழரையும் பழைய மேலாளரையும் கேட்பார்கள். அவர்கள் சொல்வது உங்கள் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். 'மாதம் இரண்டு முறை வீதம், 2021 செப்டம்பர் முதல் 2023 மே வரை, சுமார் 40 முறை' என்பது நல்ல பதில்.

'இனிமேல் எண்ணம் உண்டா' என்ற கேள்விக்கு 'சட்டம் மாறினால் பார்க்கலாம்' என்று நேர்மையின் பெயரில் எழுதுகிறவர்கள் உண்டு. தொடரும் எண்ணத்தை வெளிப்படுத்துவது நெறியில் தனிக் குறையாகவே இருக்கிறது. உண்மையிலேயே விட்டுவிட்டால்தான் இந்த வேலைக்குப் போக வேண்டும்.

குறையைத் தணிக்க நெறி சொல்லும் வழிகள் மூன்று: பயன்படுத்தும் கூட்டத்தை விட்டு விலகியது, பழைய சூழலை மாற்றிக்கொண்டது, 'இனித் தொட மாட்டேன், தொட்டால் கிளியரன்ஸைப் பறிக்கலாம்' என்று கையெழுத்திட்ட உறுதிமொழி. உறுதிமொழி அரைப் பக்கம் போதும். வக்கீல் நடை வேண்டாம்.

குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும் ஒன்று. கிரீன் கார்டு காலத்தில் கஞ்சா பயன்படுத்தியிருந்தால், அது மாநிலத்தில் அனுமதிக்கப்பட்டதாக இருந்தாலும் குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியுரிமை வழங்கும் அரசு அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ். 2019-இல் அறிவித்தது. குடியுரிமை மனுவில் சொன்ன பதிலும் எஸ்.எஃப்-86 பதிலும் முரண்படும் வாய்ப்பு இருந்தால், படிவத்தை அனுப்புவதற்கு முன்பே குடிவரவு வக்கீலைப் பாருங்கள். இந்த ஒரு இடத்தில் இணைய ஆலோசனையை நம்பக் கூடாது, என் ஆலோசனை உட்பட.

#9 கணக்குப்பிள்ளை
இப்போது கடன். தாள் தாளாகப் போவோம்.

முதலில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். வாரம் ஒரு முறை இலவசம். ஒன்றில் இருக்கும் கணக்கு மற்றதில் இருக்காது, அதனால் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி: யாருடையது, எப்போது திறந்தது, கடைசியாகக் கட்டிய தேதி, இப்போது யார் கையில் இருக்கிறது. கார்டுக் கடனைப் பொதுவாக 180 நாளில் வங்கி சார்ஜ் ஆஃப் செய்யும். அது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கான வேலை. கடன் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. விற்கப்பட்டிருந்தால் ஒரே கடன் இரண்டு பெயரில் இரண்டு முறை நிற்கும். அதைப் படிவத்தின் குறிப்புப் பெட்டியில் சொல்லிவிட்டால் 14,200 கடன் 20,000 போலத் தெரியாது.

வசூல் கம்பெனியின் முதல் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் 'இந்தக் கடன் எனதுதான் என்று சரிபார்த்துக் காட்டு' என்று எழுத்தில் கேட்கலாம். கேட்டால் காட்டும்வரை வசூலை நிறுத்த வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இல்லாத கணக்கு என்றால், ஆதாரத்தோடு மறுத்ததும் ஒரு தணிப்புக் காரணம்தான். ஆதாரம் இல்லாமல் 'அது என் கடன் இல்லை' என்று வாயால் சொன்னால் காற்றில் போய்விடும்.

உங்களுடையதுதான் என்றால் தவணைத் திட்டம் போடுங்கள். மாதம் 150 டாலர் என்றாலும் பரவாயில்லை, ஆறு மாதம் விடாமல் கட்டிய வங்கிப் பதிவு இருக்கட்டும். மொத்தத்தையும் அடைத்த பிறகுதான் மனுப் போட வேண்டும் என்று எந்த நெறியும் சொல்லவில்லை. 401கே-யை (ஓய்வுக்காலச் சேமிப்பை) உடைத்துக் கடன் அடைப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அபராதமும் வரியும் போய், கையில் அவசரத்துக்குப் பணமில்லாமல் அடுத்த மாதமே மறுபடி தவணை தவறுவார்கள்.

செட்டில்மென்ட் என்றால் பணம் அனுப்புவதற்கு முன் கடிதம் கையில் இருக்க வேண்டும். '5,800-க்குப் பதில் 2,600 பெற்றுக்கொண்டு முழுக் கணக்கையும் முடிக்கிறோம்' என்ற வரி அதில் இருக்க வேண்டும். போனில் சொன்னதை நம்பாதீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. தள்ளுபடியான தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் 1099-சி தாள் வரும். அது வருமானம். 3,200 டாலர் தள்ளுபடிக்கு வரி கட்டாமல் விட்டால், கடன் பிரச்சினை வரிப் பிரச்சினையாக உருமாறிவிடும். தள்ளுபடி நடந்த நாளில் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்திருந்தால் 982 படிவத்தைப் போட்டு முழுதாகவோ பகுதியாகவோ விலக்குப் பெறலாம்.

#10 சந்தேகசிவம்
காலாவதியான கடனை எதற்குக் கட்ட வேண்டும்? நாலைந்து வருடம் ஆனால் வழக்குப் போட முடியாது. ஏழு வருடத்தில் ரிப்போர்ட்டிலிருந்தே போய்விடும். பேசாமல் இருந்தால் ஆச்சு.

#11 கணக்குப்பிள்ளை
வசூல் கம்பெனியிடம் அந்த வாதம் செல்லும். கிளியரன்ஸில் செல்லாது. ஒப்பந்த ஊழியர்களின் கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் டி.ஓ.ஹெச்.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது: காலாவதிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நல்லெண்ணத்தோடு கடனை அடைக்கும் முயற்சி ஆகாது. ரிப்போர்ட்டிலிருந்து பெயர் போனதும் கடன் தீர்ந்ததற்குச் சான்று ஆகாது.

ஆனால் சிவம் சாரின் வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பார்த்து மிதியுங்கள். பல மாநிலங்களில் பழைய கடனுக்கு 20 டாலர் கட்டினாலும் காலாவதிக் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். நல்ல பிள்ளை ஆகிறேன் என்று கொஞ்சம் கட்டிவிட்டு நிறுத்தினால் வழக்கு வரும். கட்ட ஆரம்பித்தால் முடிக்கிற திட்டத்தோடு ஆரம்பியுங்கள்.

திவால் பற்றியும் கேட்பீர்கள். அத்தியாயம் 7-ஓ 13-ஓ, சட்டம் தந்த வழிதான். அதனாலேயே மறுக்க மாட்டார்கள். வேலை போனது, மருத்துவச் செலவு, மணமுறிவு மாதிரி கை மீறிய காரணமா, அந்த நேரத்தில் பொறுப்பாக நடந்தாரா, திவாலுக்குப் பிறகு புதுக் கடன் ஏறியதா என்று பார்ப்பார்கள். காரணம் மட்டும் போதாது. 2020-இல் வேலை போனது சரி, 2021-இல் வேலை கிடைத்தபின் மூன்று வருடம் ஏன் கடன்காரருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை? கேள்வி அங்கேதான் விழும்.

#12 படிவம்86
வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார்டுக் கடனைவிட இதைக் கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள். அரசின் ரகசியத்தைக் காக்கும் விதிகளைப் பின்பற்றப் போகிறவர், அரசின் அடிப்படை விதியான ரிட்டர்ன் தாக்கல் செய்வதையே பின்பற்றவில்லை என்ற தர்க்கம். 'எனக்கு ரீஃபண்டுதான் வர வேண்டியிருந்தது' என்பது காப்பாற்றாது.

விட்டுப்போன வருடங்களை முதலில் தாக்கல் செய்யுங்கள். பாக்கி இருந்தால் 9465 படிவத்தில் தவணை ஒப்பந்தம். மொத்தம் 50,000 டாலருக்குள் என்றால் ஐ.ஆர்.எஸ். (வரித் துறை) தளத்திலேயே போடலாம். பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்கு டிரான்ஸ்கிரிப்ட் (ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் பதிவின் நகல்) இறக்கி வையுங்கள். ரிட்டர்னின் நகலைக் காட்டினால் நீங்கள் எழுதியதுதான் தெரியும், அதை ஐ.ஆர்.எஸ். பெற்ற தேதி டிரான்ஸ்கிரிப்ட்டில்தான் இருக்கும்.

#13 கணக்குப்பிள்ளை
நம்மவர்களுக்கே உரிய இரண்டு விஷயம்.

ஒன்று, என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு. இந்தியாவில் அதன் வட்டிக்கு வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நினைப்பு. அமெரிக்க ரிட்டர்னில் அந்த வட்டி வருமானம்தான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் போட வேண்டும். எஸ்.எஃப்-86-இன் 20ஏ பிரிவு வெளிநாட்டுச் சொத்தையும் வங்கிக் கணக்கையும் 'எப்போதாவது இருந்ததா' என்று கேட்கிறது. அங்கே கணக்கை எழுதிவிட்டு ரிட்டர்னில் காட்டாமல் இருந்தால் முரண்பாட்டை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். முதலில் வரிக் கணக்கைச் சீர் செய்யுங்கள், பிறகு படிவம்.

இரண்டு, ஜாமீன் கையெழுத்து. 26-இல் பல கேள்விகள் நீங்கள் வாங்கிய கடனோடு, ஜாமீன் நின்ற கடனையும் சேர்த்தே கேட்கின்றன. மச்சான் கார் லோனுக்குப் போட்ட கையெழுத்து, தம்பி படிப்புக் கடனுக்கு ஊரில் போட்ட கையெழுத்து, எதுவாக இருந்தாலும் தவணை தவறியிருந்தால் உங்கள் கடன்தான். கடன் அமெரிக்காவில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று படிவம் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு போன் போட்டு நிலவரம் கேட்டுவிடுங்கள். 'சும்மா கையெழுத்துதானே மாப்பிள்ளை' என்று வாங்கியவர்கள் தவணை தவறியதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

#14 பொடோமாக்_கரை
எல்லாம் எழுதி அனுப்பிய பிறகு இடைக்கால கிளியரன்ஸ் வரவில்லை என்றால் மறுத்துவிட்டதாகப் பொருளா?

#15 படிவம்86
இல்லை. இடைக்காலத்துக்கு மேலோட்டமாகத்தான் பார்க்கிறார்கள். எட்டு மாதம் முன்பு கஞ்சா, ஒரு சார்ஜ் ஆஃப் என்றால் அது வராமல் போவது இயல்பு. அதற்கு மேல்முறையீடும் இல்லை. முழு விசாரணை அது பாட்டுக்கு நடக்கும்.

சிக்கல் இருந்தால், கிளியரன்ஸ் கொடுக்க ஏன் தயங்குகிறோம் என்று சொல்லும் காரண அறிக்கை ஒன்று வரும். ஒப்பந்த ஊழியர்களுக்கு அது வந்த 20 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று தனித்தனியாக எழுதி, விளக்கமும் தாளும் இணைக்க வேண்டும். அவகாசம் வேண்டுமானால் நாள் முடிவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

பிறகு ஒரு தேர்வு: நீதிபதி முன் நேரடி விசாரணை, அல்லது தாள்களை மட்டும் வைத்து முடிவு. வேலை குறைவு என்று இரண்டாவதை எடுப்பார்கள். என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது தப்பு. கஞ்சாவை விட்டேன் என்பவரின் பேச்சைக் கேட்டால்தான் நம்பலாமா என்று தெரியும். தாளுக்கு முகம் கிடையாது. தாள் வழியைத் தேர்ந்தெடுத்தால் அரசுத் தரப்பின் கோப்பு வந்த 30 நாளில் பதிலும் ஆதாரமும் போய்ச் சேர வேண்டும். அதுதான் கடைசி வாய்ப்பு. தோற்றால் 15 நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பு தரலாம், ஆனால் அங்கே புது ஆதாரம் வாங்க மாட்டார்கள். காரண அறிக்கை வந்த பிறகு அவசரமாகக் கட்டிய கடனுக்கு மதிப்பு குறைவு. அதற்கு முன்பே தொடங்கிய தவணைக்கு மதிப்பு அதிகம். முடிவாக மறுக்கப்பட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி முயல முடியும், அதற்கும் ஸ்பான்சர் வேண்டும்.

படிவத்தில் ஏதாவது விட்டுப்போனது பின்னால் நினைவுக்கு வந்தால், நேர்காணலில் இன்வெஸ்டிகேட்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்த பிறகு 'ஆமாம், மறந்துவிட்டேன்' என்பதற்குப் பயனில்லை. 'முன்வந்து திருத்தினார்' என்ற தணிப்புக் காரணம் அந்தச் சில நிமிட வித்தியாசத்தில் நிற்கிறது.

#16 சந்தேகசிவம்
சரி, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கிளியரன்ஸ் கைக்கு வந்துவிட்டால் அடுத்த சோதனை எத்தனை வருடம் கழித்து?

#17 படிவம்86
முன்பு டாப் சீக்ரெட்டுக்கு ஐந்து வருடம், சீக்ரெட்டுக்குப் பத்து என்று கணக்கு இருந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு. கைது, கிரெடிட் ரிப்போர்ட் மாற்றம் எல்லாம் தானாக வந்து விழும். திவால், 120 நாள் தாண்டிய பாக்கி போன்றவற்றை கிளியரன்ஸ் வைத்திருப்பவர் தாமே தெரிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் கணினி சொல்வதற்கு முன் நீங்கள் போய்ச் சொல்வது நல்லது.

#18 பொடோமாக்_கரை
கடைசிக் கேள்வி. சி.பி.டி. எண்ணெய் (கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும், போதை தராத எண்ணெய்), கஞ்சா கம்பெனிப் பங்கு?

#19 நோவா_வாசகி
2018 வேளாண் சட்டப்படி டி.ஹெச்.சி. (போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத சணலிலிருந்து எடுத்தது கஞ்சா ஆகாது. ஆனால் அந்த டப்பாவில் எவ்வளவு டி.ஹெச்.சி. இருக்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சான்றளிப்பதில்லை. சோதனையில் பாசிட்டிவ் வந்தால் 'எண்ணெய்தான் பூசினேன்' என்று நிறுவுவது உங்கள் தலையில் விழும். மூட்டு வலிக்கு வேறு தைலம் பாருங்கள்.

பங்கு: கஞ்சா கம்பெனி என்று தெரிந்தே நேரடியாக வாங்கினால் அது கேள்விக்குரியது என்று அதே 2021 விளக்கம் சொல்கிறது. பல துறைகளில் பரவிய மியூச்சுவல் ஃபண்டுக்குள் அது இருந்தால் தெரிந்து செய்ததாகக் கொள்ள மாட்டார்கள். அதனால் 401கே-யைத் துழாவ வேண்டாம். போன் ஆப்பில் தனியாக வாங்கிப்போட்ட பங்கு இருந்தால் அதை மட்டும் பாருங்கள்.